டெர்ப்சிகோரேயின் கீழ் வீடு

“ஆரம்பிக்கலாம்” என்றார் ஆங்கில ஆசிரியை. அரங்கின் கடைசி வரிசையில் கண்களை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“முடிச்சிட்டேன் மிஸ்” என்றேன் மேடையிலிருந்து.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பொய் சொல்கிறேனா என்று பக்கத்தில் நின்ற என் வகுப்புத் தோழியையும் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். நான் மெதுவில் தொடங்கி வேகம் வரை மூன்று காலங்களிலும் தட்டி முடித்து, வியர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருந்தேன். என் கால்களின் சத்தம் அவருக்கு ஒன்றுகூடக் கேட்கவில்லை.

அப்போது நான் பதினொன்றாம் வகுப்பு. துபாயில் ஓர் இந்தியப் பள்ளி. ஆண்டு விழாவுக்கு அந்த ஆசிரியை ஒரு நிகழ்ச்சி எழுதியிருந்தார். கிரேக்கப் புராணத்தில் வரும் ஒன்பது கலைத் தேவதைகளும் ஒவ்வொருவராக மேடைக்கு வருவார்கள். காவியத்துக்கு ஒருத்தி, வரலாற்றுக்கு ஒருத்தி, வானியலுக்குக்கூட ஒருத்தி. எனக்கு வேண்டியது நடனத்தின் தேவதை. டெர்ப்சிகோரே. ஒருமுறை சொல்லிப் பாருங்கள், நாக்கே ஒரு சுற்று சுற்றி வந்து நிற்கும். ஆடுவதில் மகிழ்கிறவள் என்று பொருளாம். நினைவு என்னும் தாய்க்குப் பிறந்த ஒன்பது பெண்களில் ஒருத்தியாம். அறிவிப்பு வந்த அன்றே பள்ளிப் பேருந்தில் வீட்டுக்குப் போவதற்குள் அவளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து முடித்துவிட்டேன். நான் அப்படித்தான். எதன் மேலாவது ஆசை வந்தால் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தவறவிடுவேன்.

அவள் வருகையை ஆசிரியை இப்படி எழுதியிருந்தார்: மேடை முழுக்க இருட்டு. பாட்டு இல்லை, மிருதங்கம் இல்லை, சலங்கைகூடக் கூடாது. மரப்பலகையில் வெறும் கால்களின் சத்தம் மட்டும் முதலில் மெதுவாக, பிறகு இரட்டிப்பாக, பிறகு அதற்கும் இரட்டிப்பாக வரும். அதன் பிறகுதான் விளக்கு. அதனால்தான் கடைசி வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு ஆளைத் தேர்ந்தெடுத்தார்.

போட்டியில் இருந்தது நாங்கள் இரண்டு பேர். தோழி மலையாளி. பத்து வயது வரை ராஸ் அல் கைமாவில், அப்பா வேலை பார்த்த பீங்கான் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒரு தனி வீட்டில் வளர்ந்தவள். தரைத்தளம், கீழே மண். அவள் தட்டியபோது மேடை ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த ஏணி அதிர்ந்தது.

“உன் ஆட்டம்தான் எனக்குப் பிடிச்சிருக்கு” என்றார் ஆசிரியை என்னிடம். “ஆனா இருட்டுல நீ இல்லவே இல்ல. ஒரு வாரம் தர்றேன். உன் கால் இங்க வரைக்கும் கேட்கணும். இல்லைன்னா அவதான்.”

என் கால் ஏன் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் நடனம் கற்றது கராமாவில் ஒரு ஃப்ளாட்டின் ஹாலில். அதற்கு நேர் கீழே ஒரு பல் மருத்துவமனை. நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் வெள்ளைக் கோட்டும் முகக்கவசமுமாக அந்த டாக்டரே படியேறி வந்து, “மேடம், நான் துளை போடும்போது உங்க பிள்ளைகள் இருபது பேர் சேர்ந்து குதிச்சா, என் கை எங்க போகும்னு யோசிச்சுப் பாருங்க” என்று கைகூப்பினார். மறுவாரமே எங்கள் நடன மிஸ் ஹால் முழுக்கக் குழந்தைகள் விளையாடும் ஆங்கில எழுத்து ரப்பர் பாயை விரித்துவிட்டார். முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்து, “நீ எம்ல நில்லு, நீ க்யூவுக்குப் போ” என்று அவர் சொல்வதைக் கேட்டு நகர்ந்து, எட்டு ஆண்டுகள் அதன் மேல் ஆடினோம். காலைத் தூக்கலாம், இறக்கும்போது கடைசி ஓர் அங்குலத்தில் நிறுத்திவிட வேண்டும். “மனசுக்குள்ள தட்டுங்க” என்பார் மிஸ். மனசுக்குள் நாங்கள் பயங்கரமாகத் தட்டினோம்.

வீட்டிலும் அதே கதைதான். சத்வாவில் ஒரு பழைய கட்டடத்தின் நான்காவது மாடியில் இருந்தோம். எங்களுக்கு நேர் கீழே, மூன்றாவது மாடியில், யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் தனியாக இருந்தார். விமான நிலையத்தில் சரக்கு அலுவலகத்தில் வேலை, நிரந்தர நைட் டியூட்டி. காலை எட்டு மணிக்கு வந்து படுத்தால் மாலை நாலு, நாலரைக்குத்தான் எழுவார். லிஃப்டில் பார்த்தால் சிரிப்பார், அவ்வளவுதான் பழக்கம். ஆனால் எங்கள் வீடு முழுவதும் அவருடைய தூக்கத்தைச் சுற்றியே அமைந்திருந்தது. நாற்காலிக் கால்களுக்கெல்லாம் டென்னிஸ் பந்தை அறுத்து மாட்டியிருந்தார் அப்பா. ஐந்து மணிக்கு முன்னால் மிக்ஸி ஓடாது. விடுமுறை நாளில் சட்னி வேண்டுமென்றால் முந்தின நாள் மாலையே அரைத்து வைக்கவேண்டும். அந்த அக்கா எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எல்லாம் அம்மாவாகச் செய்துகொண்டது. “ராத்திரி பூரா கண்ணு முழிச்சிட்டு வர்ற பொண்ணுடி. நம்ம வீட்டுச் சத்தத்தால ஒருத்தி எந்திரிக்கக் கூடாது.”

ஆக, என் கால்கள் மரியாதையாக வளர்க்கப்பட்ட கால்கள். இப்போது ஒரு வாரத்தில் அவற்றைக் கெடுக்கவேண்டும்.

இடம் தேடினேன். மொட்டை மாடி பூட்டியிருந்தது. கீழ்த்தள கார் பார்க்கிங்கில் நாலு தட்டு தட்டியதுமே கட்டடத்துக் காவலாளியான பாகிஸ்தான் பட்டாணி பாய் தூணுக்குப் பின்னாலிருந்து வந்து, “இதர் மாஃபி டான்ஸ், பேட்டி. காடி ஆயேகா. யல்லா, கர் ஜாவ்” என்று மூன்று மொழியில், இங்கே டான்ஸ் கூடாது, வண்டி வரும், வீட்டுக்குப் போ என்று துரத்தினார். பூங்காவில் ஊஞ்சல்களைச் சுற்றிலும் சிவப்பு ரப்பர் தரை. விழும் குழந்தைகளுக்கு நல்லது, எனக்கு இல்லை. கடற்கரைக்குப் போனேன். மணல் என் காலை வாங்கி வைத்துக்கொண்டு பதிலே சொல்லவில்லை. நடைபாதைக் கல்லில் தட்டினால் வலிதான் வந்தது. அப்போதுதான் உறைத்தது: தரை கெட்டியாக இருந்தால் போதாது. அடியில் வெற்றிடம் இருக்கவேண்டும். மேடைக்கு அடியில் இருக்கிறது. மாடி வீட்டுக்கு அடியிலும் இருக்கிறது, ஆனால் அங்கே ஒருவர் தூங்குகிறார்.

மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்கு, அம்மாவிடம் சொல்லாமல் மூன்றாவது மாடிக்கு இறங்கிப் போய் மணி அடித்தேன். அக்கா ஈரத் தலையில் துண்டோடு கதவைத் திறந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும்.

“என்ன பிள்ளை, மேல தண்ணி லீக் ஆகுதோ?”

“இல்லக்கா. உங்க தலைக்கு மேல கொஞ்சம் குதிக்கலாமான்னு கேட்க வந்தேன்.”

அக்கா தலைத் துண்டை இறுக்கிக்கொண்டு, “முதல் உள்ள வா” என்றார்.

நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பல் டாக்டர், ரப்பர் பாய், இருட்டு மேடை, தோழி, ஒரு வாரம். ஃபோனில் டெர்ப்சிகோரேயின் படத்தையும் காட்டினேன். பழைய ஓவியம். யாழ் போன்ற ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருக்கிறாள். அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இவ டான்ஸுக்குத் தெய்வம் எண்டு சொல்லுறாய். இருந்துகொண்டெல்லோ இருக்கிறா?”

“நிறைய படத்துல உட்கார்ந்துதான் இருக்கா. ஏன்னு தெரியல.”

“அவவுக்கும் கீழ் வீட்டில ஆரோ நித்திரை போல” என்றார் அக்கா.

நான் சிரித்த சிரிப்பில் அக்காவும் சேர்ந்துகொண்டார். தேநீர் போட்டுக் கொடுத்தார். குவைத்தில் ஃபஹாஹீலில் இரண்டு வருடம் இருந்தபோது மேல் வீட்டில் நாலு பொடியன்கள் பகல் முழுக்கக் காற்பந்து விளையாடுவார்களாம். “அதோட பார்த்தால் நீங்கள் பூனையள். மேல ஆக்கள் இருக்கினமோ எண்டு நானே சிலநேரம் யோசிச்சிருக்கிறன்.”

அம்மா மிக்ஸியை நிறுத்தி வைத்ததெல்லாம் அவருக்குத் தெரியவே தெரியாது. நான்தான் சொன்னேன். அக்கா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு ஒரு திட்டம் சொன்னார். தினமும் ஐந்து மணிக்குள் அவர் எழுந்துவிடுவார், வேலைக்குக் கிளம்ப எட்டாகும். ஐந்திலிருந்து ஐந்தரை வரை நான் எங்கள் ஹாலில் தட்டவேண்டும். அவர் கீழே தன் கட்டிலில் படுத்துக் கேட்பார். கேட்டதை வாய்ஸ் மெசேஜில் சொல்வார்.

“எனக்கு டான்ஸ் ஒண்டும் தெரியாது. காது இருக்கு. அது காணும்தானே?” போதும் என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

முதல் நாள் கம்பளத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, அரைமண்டியில் உட்கார்ந்து, ‘தையா தை’ என்று ஆரம்பித்தேன். பதினாறு எண்ணி முடித்ததும் ஃபோன் ஒலித்தது. அக்காவின் குரல்: “தொடங்கீட்டியோ?”

மறுபடி தட்டினேன். “ஏதோ கேக்குது. ஆரோ மாத்திரை டப்பாவைக் கீழ போட்ட மாதிரி.”

காலைத் தூக்குவதில் பிரச்சினை இல்லை. இறங்கும்போது தரைக்கு ஓர் அங்குலம் மேலே அது தானாகவே பிரேக் போட்டது. நான் போடவில்லை, சத்தியமாக. முழங்காலுக்குள் யாரோ போட்டார்கள். அதைவிடப் பெரிய தொல்லை, இப்போது அந்த அக்காவின் முகம் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு தட்டும் அவருடைய ஈரத் தலையில் விழுவதாகத் தோன்றியது. அதையும் ஃபோனில் சொன்னேன்.

“எனக்கு மேல அடிக்கிறாய் எண்டு நினையாத. சீமெந்துக்கு மேல அடி” என்று பதில் வந்தது. அடுத்த நொடியே இன்னொன்று: “பயப்பிடாமல் அடி. நான் முழிச்சுத்தான் இருக்கிறன்.”

எட்டு வருடத்தில் என் கால்களிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அன்றைக்கே முழுப் பாதமும் தரையில் விழுந்தது. ஒன்றிரண்டுதான், ஆனால் விழுந்தது. அதற்குப் பிறகு வந்த செய்திகளை நான் இன்னமும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். “இடது கால் வரேல்லை. வலது மட்டும் வருது. நொண்டி நொண்டி ஆரோ போற மாதிரிக் கிடக்கு.” “இப்ப ரெண்டும் வருது. ஆனால் வேகமாப் போகேக்க ஒண்டை முழுங்குறாய்.” “இண்டைக்கு நல்லா இருக்கு. பதினொராவது மட்டும் பிந்துது.” பதினொன்றாவது உண்மையிலேயே பிந்தியது. நடனம் தெரியாத ஒருவர் சீலிங்கைப் பார்த்துக்கொண்டு படுத்து அதைக் கண்டுபிடித்தார்.

அம்மாவுக்கு முதல் நாள் சாயங்காலமே தெரிந்துவிட்டது, “கீழ் வீட்ல போய் அப்படியா கேட்ட?” என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் அடுத்த நாள் ஒரு டப்பாவில் கேசரி போட்டு என்னிடம் கொடுத்தனுப்பினார்.

மேடைத் தேர்வுக்கு முந்தின நாள். அம்மா கடைக்குப் போயிருந்தார். ஐந்து மணிக்கு வழக்கம்போல ‘ஆரம்பிக்கிறேன் அக்கா’ என்று அனுப்பிவிட்டுத் தட்டினேன். பதில் இல்லை. கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் பலமாகத் தட்டினேன். பதில் இல்லை. இத்தனை நாள் கேட்டது இன்றைக்கு ஏன் கேட்கவில்லை? என் கால் பழையபடி பிரேக் போட ஆரம்பித்துவிட்டதா? பயம் வந்துவிட்டது. நாளைக்குத் தேர்வு! டென்னிஸ் பந்து மாட்டிய நாற்காலிகளையெல்லாம் நகர்த்தி, ஹாலின் நடுவுக்கு வந்து, மூன்று காலத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினேன். ஃபோனைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. இன்னும். ஒன்றுமில்லை. இன்னும், இன்னும்.

அரை மணி நேரம் கழித்து வாசல் மணி அடித்தது.

அக்கா நின்றிருந்தார். தலை கலைந்து, கண்கள் சிவந்து, ஒரு கன்னத்தில் தலையணை மடிப்பின் கோடு. சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“கேக்குது பிள்ளை. வடிவாக் கேக்குது.”

நான் பேச வாயெடுத்தேன்.

“ரெண்டு காலும் கேக்குது. மூண்டு காலமும் கேக்குது. என்ர லைட்டும் உன்னோட சேர்ந்து ஆடுது.” கொட்டாவி விட்டார். “மாத்து ஆள் வரேல்லை. மூண்டு மணிவரைக்கும் நிக்கச் சொல்லிப்போட்டாங்கள். நாலரைக்குத்தான் படுத்தனான். இண்டைக்குக் காணும், என்ன?”

கோபமே படவில்லை. பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். படியில் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். கொத்தமல்லிக் கட்டோடு லிஃப்டிலிருந்து வெளியே வந்த அம்மா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுருட்டி வைத்த கம்பளத்தைப் பார்த்தார்.

“மூணு வருஷமா மிக்ஸியப் போடாம காப்பாத்தின தூக்கம்டி அது” என்றார். “அரை மணி நேரத்துல முடிச்சிட்ட.”

மறுநாள் அரங்கில் முதலில் தோழி தட்டினாள். போன வாரத்தைவிட நன்றாக. இந்த முறை ஏணி மட்டுமல்ல, எல்லாமே அதிர்ந்தது. அடுத்து நான். ஆசிரியை கடைசி வரிசையில் கண்ணை மூடினார். அரைமண்டியில் உட்கார்ந்தேன். வலது காலைத் தூக்கினேன். அது மேலேயே நின்றுவிட்டது. தலையணைக் கோடு விழுந்த அந்தக் கன்னம்தான் தெரிந்தது. இறக்கினால் அதன் மேல்தான் இறங்கும்.

“மிஸ், ஒரு நிமிஷம்” என்றேன்.

மேடையிலிருந்து குதித்து இறங்கி, முன்பக்கம் சுற்றிக் கட்டியிருந்த கறுப்புத் துணியைத் தூக்கி, மண்டியிட்டு மேடைக்கு அடியில் பார்த்தேன். கால் உடைந்த நாற்காலிகள். பழைய விழாக்களின் பேனர்ச் சுருள்கள். தெர்மோகோலில் செய்த ஓர் ஒட்டகத்தின் தலை.

தோழியும் வந்து பக்கத்தில் குனிந்தாள். “என்ன தேடுற?”

“யாராவது தூங்குறாங்களான்னு பார்க்கிறேன்.”

அவள் சிரிக்கவில்லை. ஏனென்றுகூடக் கேட்கவில்லை. எழுந்து மறுகோடிக்கு ஓடினாள், அங்கே துணியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள், “இங்கேயும் யாருமில்ல” என்று சொன்னாள். என் இடத்தைப் பிடிக்க வேண்டியவள் அவள்! அதை நான் மறக்கவே மாட்டேன்.

மேலே ஏறி, மறுபடி அரைமண்டியில் உட்கார்ந்து, காலைத் தூக்கி, இறக்கினேன். பலகை முழங்கியது. அந்தச் சத்தம் என்னுடையது என்று நம்ப எனக்கே இரண்டு எண்ணிக்கை ஆயிற்று. முதல் காலம் முடிவதற்குள் ஆசிரியை கண்ணைத் திறந்துவிட்டார். திறக்கக் கூடாதென்று அவரே போட்ட விதி. மூன்றாம் காலத்தில் பதினொன்றாவது அதன் இடத்தில் விழுந்தது.

டெர்ப்சிகோரே எனக்குக் கிடைத்தாள். தோழிக்குக் காவியத்தின் தேவதை. அவள் இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை, அதுவும் நியாயம்தான்.

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்ததும் ஃபோனை எடுத்து, ‘அக்கா நான்தான்!!! கேட்டுச்சு!!!’ என்று அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் மணியைப் பார்த்தேன். அக்கா தூங்கும் நேரம். செய்தி வந்த சத்தத்தில் எழுந்துவிட்டால்? பதறிப்போய் அழித்தேன். சத்தம் ஏற்கெனவே போயிருக்கும், அழித்து என்ன ஆகப்போகிறது என்பதெல்லாம் அப்போது தோன்றவில்லை.

ஐந்தே காலுக்கு அக்கா கூப்பிட்டார்.

“என்னத்தை அனுப்பிப்போட்டு அழிச்சனீ?”

“நீங்க எழுந்துடுவீங்கன்னு...”

“நான் சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுத்தான் படுக்கிறனான். நேற்றும் அதாலதான் உன்ர மெசேஜ் தெரியேல்லை. சரி, அதை விடு. தெரிவானியோ இல்லையோ? அதைச் சொல்லு முதல்!”

“ஆயிட்டேன்க்கா.”

அந்தப் பக்கம் ஒரு கூச்சல். ஃபோனிலும் கேட்டது, தரை வழியாகவும் கேட்டது. நான்காவது மாடிக்கு மூன்றாவது மாடியிலிருந்து சத்தம் வந்தது அதுதான் முதல் தடவை.

“நில்லு, நான் மேல வாறன்” என்றார். “இவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டு கிடந்தனே தவிர, ஒண்டும் பார்க்கேல்லைத்தானே. ஒருக்கா ஆடிக் காட்டு.”

முகம்கூடக் கழுவாமல் வந்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு முந்தின நாளுக்காக ஏதோ சொல்ல ஆரம்பிக்க, “அன்ரி, பிறகு கதைப்பம்” என்று சோஃபாவில் கால்களை மடக்கி உட்கார்ந்துகொண்டார். கம்பளத்தைச் சுருட்டினேன். இருட்டில் தட்டும் பகுதியை முதலில் ஆடினேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார், தெரிந்த பாட்டைக் கேட்பவரைப் போல. மூன்றாம் காலம் முடிந்து விளக்கு வரவேண்டிய இடத்தில், “இப்போ பாருங்கக்கா” என்று சொல்லிவிட்டு, முழுதாக எழுந்து, இரண்டு கைகளையும் விரித்து ஆட ஆரம்பித்தேன்.

அக்கா கண்ணைத் திறந்தார். என் கால்களைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தபடி என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அட, இதுக்குக் கையும் இருக்கோ?” என்றார்.